கண்ணுக்குத் தெரியாத குறை

என் தங்கை மகன் ஒரு திரை வாங்கியிருக்கிறான். "ஒரு நடை வந்து பார்த்துட்டுப் போங்க மாமா" என்று மூன்று முறை சொல்லிவிட்டான். கதை எழுதுகிறவனுக்கு அதில் என்ன பார்க்க இருக்கிறது என்று நானும் மூன்று முறை தட்டிக் கழித்தேன். நான்காவது முறை மறுக்க மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் பஸ் ஏறிப் பல்லடத்துக்குப் போனேன்.

பல்லடத்து வீட்டை ஒட்டிய கூடத்தில் இப்போது எங்கள் தறிகள் இல்லை. பக்கத்துக் கூடத்தில் மட்டும் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தை நீக்கிவிட்டு அந்த ஊரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியாது. பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்த சத்தம் அது. என் தகப்பனார் நூல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த அறையில்தான் மருமகன் மேஜை போட்டுத் திரையை நிறுத்தியிருந்தான்.

திரை அழகாகத்தான் இருந்தது. மூலைக்கு மூலை 34 அங்குலம். உயரம் சாதாரணம், அகலம் மட்டும் உயரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. குளத்தங்கரை போல லேசாக உட்புறம் வளைந்திருந்தது. ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்த வளைவு அது என்றான். வட்டத்தின் மையத்தில் ஒருவன் உட்கார்ந்தால் திரையின் நடுவும் ஓரமும் அவன் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருக்கும் அல்லவா? அதற்காக. கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். மலைப் பாதையில் கார் திரும்பியபோது நானும் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். அதைக் கண்டு என் தங்கை சிரித்தாள்.

"செகண்டுக்கு 144 படமுங்க மாமா. சினிமாவுல 24தான்" என்றான்.

பிறகு எனக்கு மரியாதை செய்வதாக எண்ணி, பத்திரிகையில் வந்த என் கதை ஒன்றை அந்தத் திரையில் எடுத்துப் போட்டான். கருநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் தலைப்பு. படிக்க முயன்றேன். எழுத்தின் ஓரங்கள் கரைந்திருந்தன. மட்டமான காகிதத்தில் மை ஊறியதைப் போல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

"உங்க கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது. நாந்தான் கலரைக் கொறச்சு வச்சிருக்கறேன். விளையாடறப்போ ஒண்ணுமே தெரியாதுங்க. நீங்க கண்டுபிடிச்சுட்டீங்களே!" என்று அவன் வியந்தான்.

வண்ணத்தைக் குறைப்பதாவது! விவரம் கேட்டேன். அவன் சொன்னதையும், பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கணக்கு வருகிறதே என்று வாசகர்கள் பக்கத்தைத் தள்ளிவிட வேண்டாம். படிக்கிற காலத்தில் கணக்கைக் கண்டு ஓடிய எனக்கே விளங்கிய கணக்குதான்.

அந்தத் திரையில் குறுக்கே 3,440 புள்ளிகள், நெடுக்கே 1,440 வரிசைகள். பெருக்கினால் 49 லட்சத்து 53 ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவையும் சொல்ல, ஒன்று அல்லது சுழியாகிய 24 குறிகள் வேண்டும். அப்படியானால் ஒரே ஒரு படத்துக்கு ஏறத்தாழ 12 கோடிக் குறிகள். செகண்டுக்கு 144 படம் என்றால் 1,712 கோடி. இத்தனையும் கணிப்பொறியிலிருந்து திரைக்குப் போக வேண்டிய வழி, விரல் பருமன்கூட இல்லாத ஒரு கேபிள். அவனுடைய பழைய மடிக்கணினியில் இருந்தது எச்.டி.எம்.ஐ. 2.0 என்ற வகைத் துளை. 2013-ல் வந்த அந்த ஏற்பாட்டில் செகண்டுக்கு 1,800 கோடிக் குறிகள் போகலாம் என்பது பெயரளவு. ஒவ்வொரு பத்துக் குறியிலும் இரண்டு, செய்தி சிதையாமல் போய்ச் சேருவதற்கான கட்டணம். சுங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போக மிஞ்சுவது 1,440 கோடிதான். செகண்டுக்கு 100 படம் என்றால் தாராளமாகப் போய்விடும். 144 போகாது.

100 படத்தோடு மனம் நிறைந்திருக்கலாம். இளைஞன் அல்லவா? திரைக்கு 144 காட்டும் வலிமை இருக்கும்போது 100-ல் நிற்பது அவனுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. நண்பன் ஒருவன் வழி சொல்லிக் கொடுத்தான். வெளிச்சத்தின் அளவை ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே அனுப்புவது. வண்ணத்தை மட்டும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாக அனுப்புவது. மூட்டை பாதியாகிவிடும். குறுகிய கேபிளில் 144 படமும் போய்விடும்.

நம் கண் வெளிச்சத்தையும் நிழலையும் நுட்பமாகப் பிரித்துப் பார்க்கும். வண்ணத்தில் அதற்கு அத்தனை நுட்பம் கிடையாது. ஓடும் காரிலும் மலையிலும் மரத்திலும் அந்தக் குறை தெரிவதில்லை. கருநீலத்தின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து வந்தால்தான் குட்டு உடைகிறது. என் கதையின் தலைப்பு வேண்டாத இடத்தில் சாட்சி சொல்லிவிட்டது!

இது புதிய தந்திரமும் அல்ல. அமெரிக்காவில் 1953-ல் வண்ணத் தொலைக்காட்சிக்கு முறை வகுத்தபோதே, வண்ணத்துக்குக் குறுகிய பாதை போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 1982-ல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தபோது நமக்குக் கிடைத்ததும் அப்படி மெலிந்த வண்ணம்தான். அந்த மெலிந்த வண்ணத்தைப் பார்க்க ஒரே வீட்டில் ஊரே கூடியது! அதற்கும் முன்னால், 1975-ல் சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியபோதே, 625 வரிகளையும் ஒரே மூச்சில் அனுப்பப் பாதை போதாமல் ஒற்றை வரிகளை ஒரு தடவையும் இரட்டை வரிகளை மறு தடவையும் அனுப்பினார்கள். கண் இரண்டையும் சேர்த்து முழுப் படமாக ஏற்றுக்கொண்டது.

சினிமாவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. திரை அகன்றது, படச்சுருள் அகலவில்லை. அதே 35 மில்லிமீட்டர் சுருள்தான். காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிச் சுருளில் பதிவு செய்து, திரையிடும்போது வேறொரு லென்ஸால் விரித்துக் காட்டினார்கள். சுருளைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் சக்கரவர்த்தி ஒட்டிய கன்னத்தோடு, மூங்கில் போல நெடிதாகத் தெரிந்திருப்பார். கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹால் கட்டிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்து மக்கள் சினிமா பார்க்கிறார்கள். சுருளில் எது நெருக்கப்பட்டது, எது விடுபட்டது என்று யார் கேட்டார்கள்?

"அதைத்தானுங்க மாமா நானும் சொல்றேன்" என்றான் மருமகன். "கண்ணுக்குத் தெரியாததை விட்டா என்னங்க தப்பு? தெரியாத ஒண்ணு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல முடியாமல் நான் வெளியே பார்த்தேன். பக்கத்துக் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. கூலிக்கு நெய்கிறவருக்கு வியாபாரி பாவும் தருகிறார், ஊடை நூலும் தருகிறார். ஓர் அங்குலத்துக்கு இத்தனை பிக் விழ வேண்டும் என்று கணக்கும் தருகிறார். பிக் என்றால் குறுக்கே விழுகிற ஓர் ஊடை இழை. 52 பிக் நெய்ய வேண்டிய காடாவில் 48 போட்டால் துணி துணியாகத்தான் இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. லென்ஸை வைத்து இழை இழையாக எண்ணினால்தான் தெரியும். தறியில் ஒரு பல்சக்கரத்தை மாற்றிவிட்டால் போதும். வேலை சீக்கிரம் முடியும், நூலும் மிச்சமாகும். மிச்ச நூலுக்கு ஆள் இருக்கிறது. செய்கிறவர்கள் செய்தார்கள்.

என் தகப்பனாருக்கு லென்ஸ் வேண்டியதில்லை. துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒருமுறை தேய்ப்பார். "இது அம்பத்திரண்டு", "இது நாப்பத்தெட்டுத்தான் வரும்" என்பார். எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டுக்கு மேல் பிசகாது. அவரிடமும் ஒருவர் இந்த யோசனையைச் சொன்னதுண்டு. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கோபிக்கவில்லை, உபதேசம் எதுவும் செய்யவும் இல்லை.

"வியாபாரி அம்பத்திரண்டு கேட்டா அம்பத்திரண்டு. நாப்பத்தெட்டே போதும்னு அவுரு சொன்னா நாப்பத்தெட்டு. அதை நாஞ் சொல்லக்கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மருமகன் கேட்ட கேள்விக்கு விடை அந்த வாக்கியத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. 52-ல் நான்கு குறைவது பெரிய விஷயமல்ல. 48 பிக் துணியையும் மக்கள் உடுத்தத்தான் செய்கிறார்கள். எல்லாவற்றையும் முழுமையாக அனுப்ப உலகத்தில் எந்தக் கேபிளாலும் முடியாது. எந்த மனிதனாலும் முடியாது. ஒரு நாவலில் நான் எழுதாமல் விடுவது எழுதுவதைவிடப் பன்மடங்கு. எதை விடலாம் என்று முடிவு செய்கிற உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. இழக்கிறவனுக்கா, அனுப்புகிறவனுக்கா?

எங்கள் பக்கத்துப் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலை நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர் கொஞ்சம், நிலம் அதிகம். திருமூர்த்தி அணையை நம்பியிருக்கிற பூமியை நான்கு மண்டலமாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இந்தத் தடவை எந்த மண்டலத்துக்கு முறை என்பது குடியானவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும். மடையைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறவன்மீதுதான் ஆத்திரம் வருகிறதே தவிர, முறை வைத்ததற்காக யாரும் ஆத்திரப்படுவதில்லை. குறை எல்லாருக்கும் தெரிந்த குறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

திரைத் தொழிலிலும் இரண்டு விதமான நடத்தையையும் காண்கிறேன். 2018-ல் 27 அங்குலத் திரைகள் சில, செகண்டுக்கு 144 படம் என்று சொல்லிக்கொண்டு விலை உயர்வாக வந்தன. அவற்றின் டிஸ்பிளே போர்ட் கேபிளால் அத்தனையையும் சுமக்க முடியவில்லை. 144 வேண்டுமென்றால் வண்ணத்தைக் குறைத்தாக வேண்டும். வாங்கியவர்கள் எழுத்து மங்குவதைக் கண்டு முணுமுணுத்தார்கள். 2020-ல் சாம்சங் 49 அங்குலத்தில் ஒரு பெரிய வளைந்த திரையைக் கொண்டுவந்தது. குறுக்கே 5,120 புள்ளி. செகண்டுக்கு 240 படம். அதற்கு 4,247 கோடிக் குறி வேண்டும். கேபிளுக்கு இருந்த வலிமையோ 2,592 கோடி. இந்தப் பள்ளத்தைத் தாண்ட, படத்தைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிக்கும் ஒரு முறை முன்பே தயாராக இருந்தது. வீசா என்ற பொது அமைப்பு 2014-ல் வகுத்த முறை அது.

அதற்கு அவர்கள் கொடுத்த அடைமொழி என்னைக் கவர்ந்தது. 'இழப்பற்றது' என்று அவர்கள் சொல்லவில்லை. 'பார்வைக்கு இழப்பற்றது' என்றார்கள். இழப்பு உண்டு, உங்கள் பார்வைக்கு அது எட்டாது என்று ஒப்புக்கொள்கிற பெயர். எட்டாது என்பதையும் அவர்களாகவே தீர்மானிக்கவில்லை. மனிதர்களை உட்கார வைத்து, மூலப் படத்தையும் சுருக்கி விரித்த படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, வேறுபாடு தெரிகிறதா என்று சோதிப்பதற்குச் சர்வதேச விதிமுறை இருக்கிறது. இழக்கப் போகிறவனின் கண்ணையே கேட்டிருக்கிறார்கள். அப்பா ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

மற்றொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எச்.டி.எம்.ஐ. 2.1 என்ற புதிய வகை 2017-ல் வந்தது. செகண்டுக்கு 4,800 கோடிக் குறிகளைச் சுமக்கும் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. 2021 டிசம்பரில் ஓர் உண்மை வெளியே வந்தது. பழைய 2.0 என்ற பெயரே இனி கிடையாதாம். பழைய வலிமை மட்டும் உள்ள பொருளும் 2.1 என்றே பெயர் போட்டுக்கொள்ளலாம். புதிய சிறப்புகள் எல்லாம் 'விருப்பப்பட்டால்' தானாம்! பொருளில் என்னென்ன உண்டு என்பதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதுதான். பெட்டியின் மேல் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறவன் அந்தச் சிறிய வரியை எங்கே தேடுவான்? 48 பிக் துணியில் 52 என்று முத்திரை குத்துவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இவ்வளவும் மருமகனிடம் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அகலத் திரை அணைந்தது. பக்கத்துக் கூடத்துத் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. திடீரென்று வந்த அந்த அமைதியில் எனக்கு அப்பாவின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்தன.

2013-ல் அப்பா நோயில் விழுந்தார். கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். டாக்டர் என்னையும் தங்கையையும் அறைக்குள் அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். எவ்வளவு காலம் என்றும் சொன்னார். வெளியே வராந்தாவில் நின்று நாங்கள் இருவரும் அதை மெலிதாக்கினோம். "குடல்ல ஒரு புண்ணுங்கப்பா. மருந்து சாப்பிட்டா ஆறிப்போகும்னு சொல்லீட்டாங்க" என்றேன் நான். அவர் தலையை ஆட்டினார். படுக்கை விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "பிக்கு ரொம்பக் கொறச்சலா இருக்குது தம்பி" என்றார்.

விரிப்பைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து அவர் போய்ச் சேர்ந்தார். கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தோம். வியாபாரிக்குத் திருப்பித் தர வேண்டிய நூல் எத்தனை கிலோ, தறி ஓட்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எவ்வளவு, தங்கையின் வளையல் எந்தக் கடையில் அடமானம் இருக்கிறது — எல்லாம் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. மேலே தேதி போட்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மறுநாள்.

பொய்கூட வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணப்படும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்று பிறகு பலமுறை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். குற்றமற்ற நன்மை விளைந்தால் என்றுதான் அவர் சொன்னார். அந்த நிபந்தனையை வாதாடுகிறவர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். நாங்கள் விளைவித்த நன்மை யாருக்கு? அப்பாவால் தாங்க முடியாது என்றுதானே மறைத்தோம். இரவோடு இரவாகக் கணக்கு எழுதி வைத்த மனிதருக்குத் தாங்கும் வலிமை இருந்திருக்கிறது. அவரிடம் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, அந்தப் பெயரைச் சொல்லும் வலிமை எங்களுக்குத்தான் இல்லை. மடிக்கணினியின் துளை குறுகியது, திரை அகலமானது என்று மருமகன் சொன்னபோதே எனக்கு எங்கோ சுருக்கென்றது. அன்றைக்கு வராந்தாவில் குறுகியிருந்தது என்னுடைய நெஞ்சு. அவருடைய அகலத்தை நான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

மறைத்ததால் அவர் எதை இழந்தார் என்று பட்டியல் போட எனக்குத் தெரியாது. நான்கு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். நூல் விலையைப் பேசினோம், மழையைப் பேசினோம், கறிக்கோழிப் பண்ணை வைத்த பங்காளியின் நஷ்டத்தைப் பேசினோம். அவர் தெரிந்துகொண்டே எங்களுக்காகத் தெரியாதவர் போல இருந்தார். எதையாவது சொல்ல நினைத்திருப்பாரோ? நாங்கள் அடைத்த வழியில் அவர் எப்படிச் சொல்லுவார்?

மருமகனையும் இந்த வழக்கில் சேர்க்கலாகாது. அவன் தன் திரையில், தன் கண்ணுக்கு, தானே தெரிந்து வண்ணத்தைக் குறைத்துக்கொண்டான். இழப்பவனும் அவனே; ஒப்புக்கொண்டவனும் அவனே. யார் குறை சொல்ல முடியும்? என் கண் வேறு, என் தேவை வேறு என்பதை மட்டும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. அது சிறிய விஷயம்.

இருட்டில் அவன் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்புச்சிக்கு என்ன சீக்குங்க மாமா?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியாதா, மாப்பிள்ளை?"

"கண்ணுக்குப் பாக்கறதுக்குக் கோயமுத்தூரு போயிருக்கறாருன்னு சொன்னீங்க. அப்பறம் வயசாயிருச்சுன்னு சொன்னீங்க. நான் அஞ்சாப்புப் படிச்சுட்டு இருந்தனுங்க. அப்பறம் யாருமே எதுவும் சொல்லலீங்களே" என்றான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது அவனுக்கு மீசை அடர்ந்திருக்கிறது, சம்பாதிக்கிறான், சொந்தக் காசில் திரை வாங்கியிருக்கிறான். அவனுக்கென்று மெலிதாக்கி வைத்ததை மறுபடி முழுதாக்கிச் சொல்ல வேண்டுமென்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. என் தங்கை வாசற்படியில் நின்றாள். தடுப்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

நோயின் பெயரிலிருந்து தொடங்கிச் சொன்னேன். நான் விட்ட இடங்களை அவள் சொன்னாள். அவற்றில் இரண்டு எனக்கே தெரியாதவை. நடுவில் மின்சாரம் வந்து பக்கத்துக் கூடத்தில் தறிகள் ஓடத் தொடங்கின. சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. மருமகன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.